மழை கழுவாத இலைகள்

வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருக்கோவிலில் எங்கட விறாந்தைகளுக்கு ஓய்வு இல்லை. மேற்கே வயல்வெளிகளில் இருந்து வருகிற புழுதி, அக்கரைப்பற்று–பொத்துவில் வீதியில் லொறியும் பஸ்ஸும் கிளப்புகிற புழுதி, பின்னேரத்தில் கடல் பக்கமிருந்து வருகிற உப்பு ஈரம் என்று எல்லாம் சேர்ந்து கதிரையில், யன்னல் கம்பியில், சாடிச் செடிகளின் இலைகளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வீட்டில் ஒருவர் பழைய சாரத்துண்டை நனைத்துப் பிழிந்து, இலையை ஒரு உள்ளங்கையில் தாங்கி, காம்பில் இருந்து நுனி வரைக்கும் மெதுவாகத் துடைப்பார். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மா. இல்லாவிட்டால் அம்மம்மா.

சின்ன வயதில் இருந்து பார்க்கிற காட்சிதான். ஆனால் ஒரு கேள்வி எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது. முற்றத்தில் நிற்கிற செவ்வரத்தையையும் வேலியோரப் பூவரசையும் யாரும் துடைப்பதில்லையே, விறாந்தைச் செடிக்கு மட்டும் ஏன்? இந்த வேலை எப்போது தொடங்கியது?

முதலில் இலையைப் பார்ப்போம். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பதை எங்கட ஆட்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பற்றில்லாமல் வாழ்வதற்கு அதுதான் உவமை. ஜெர்மனியின் பொன் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொட்டும் அவரோடு வேலை செய்த நைன்ஹுயிஸும் 1997இல் அதன் காரணத்தை விரிவாக எழுதினார்கள். தாமரை இலையின் மேற்பரப்பு வழவழப்பானது இல்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மேடுகள், அவற்றின் மேல் நுண்ணிய மெழுகுப் படிவுகள். அதனால் தண்ணீர் பரவ முடியாமல் உருண்டையாகி ஓடுகிறது, ஓடும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. சேம்பு இலையும் அப்படித்தான். எல்லா இலைகளும் இந்த அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் உள்ளவை அல்ல. என்றாலும் பெரும்பாலான இலைகளில் மெழுகுப் பூச்சு ஒன்று இருக்கிறது. மிச்ச வேலையை மழை பார்த்துக்கொள்ளும்.

அதாவது, இலைக்குத் துணி தேவையே இல்லை, தேவைப்படுவது மழைதான். கூரைக்குக் கீழே கொண்டுவந்த நாளில் இருந்து அந்த மழையை நாங்கள் மறித்துவிட்டோம். தூசி படிந்த இலைக்கு வெளிச்சம் குறைவாகத்தான் கிடைக்கும். வெளிச்சம் குறைந்தால் அது தனக்கான சாப்பாட்டைச் செய்வதும் குறையும். பச்சை இலைகள் வெளிச்சத்தில்தான் ஒட்சிசனை வெளிவிடுகின்றன என்று ஒல்லாந்து வைத்தியர் யான் இங்கன்ஹௌஸ் 1779இலேயே பரிசோதித்துக் காட்டிவிட்டார்.

சரி, செடியை மழையில் இருந்து பிரித்து வீட்டுக்குள் வைக்கும் பழக்கம் பெரிதாகப் பரவியது எங்கே? அதற்கு 19ஆம் நூற்றாண்டு லண்டனுக்குப் போக வேண்டும்.

நதானியல் பாக்ஷோ வார்ட் லண்டனின் கிழக்குப் பகுதியில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வைத்தியர். அவருக்குப் பன்னச்செடிகளில் ஆசை. ஆனால் நிலக்கரிப் புகை அவற்றைப் பிழைக்க விடவில்லை. 1829இல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு கண்ணாடிப் போத்தலில் மூடி வைத்தார். அந்த மண்ணில் இருந்து ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன. வெளியே செத்துப்போன செடி, மூடிய கண்ணாடிக்குள் தண்ணீர் ஊற்றாமலே பல வருடம் உயிரோடு நின்றது. உள்ளே இருந்த ஈரமே ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, திரும்ப மண்ணில் விழுந்தது. புகைக்கரியும் உள்ளே வரவில்லை. 1842இல் இதைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதினார். 1845இல் பிரித்தானியாவில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட, கண்ணாடி மலிந்தது. வசதியான வீடுகளின் வரவேற்பறைகளில் செடிகள் நிறைந்தன.

எல்லாச் செடியையும் பெட்டிக்குள் மூட முடியாதுதானே. சாடியில் திறந்தபடி நின்றவை விளக்குப் புகையிலும் அடுப்புக் கரியிலும் கறுத்தன. எதையும் தாங்கிக்கொண்டு நின்ற அஸ்பிடிஸ்ட்ரா என்ற அகன்ற இலைச் செடி அந்தக் காலத்து நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவே ஆனது. ஜோர்ஜ் ஓர்வெல் 1936இல் வெளியிட்ட ஒரு நாவலின் தலைப்பில்கூட அந்தச் செடி இருக்கிறது. அகன்ற இலை என்றால் அகன்ற தூசி. பஞ்சை நனைத்து இலைகளைத் துடைக்கச் சொல்லி அந்தக் காலத்துத் தோட்டக்கலைப் புத்தகங்கள் அறிவுரை சொல்லின. 1891இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பத்து இலட்சத்துக்கும் அதிகமான பெண்கள் வீட்டு வேலைக்காரிகளாக இருந்தார்கள். வசதியான வீட்டில் பஞ்சைப் பிடித்த கை யாருடையது என்று யோசிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இந்தக் கதை எங்கட நாட்டுக்கும் வந்தது, அதே கண்ணாடிப் பெட்டியில். 1833இல் வார்ட் இரண்டு பெட்டிகளைக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். ஆறு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகும் செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதுவரை உப்புக்காற்றில் கருகிப்போன கன்றுகளை இனி எங்கேயும் கொண்டுபோகலாம் என்றானது. 1876இல் பிரேசிலில் இருந்து எடுத்துவந்த விதைகளை லண்டனின் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, 1,919 றப்பர் கன்றுகளை 38 பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பினார்கள். அவை கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் வேர் பிடித்தன. பிறகு காடு தோட்டமானது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் கடல் கடந்து கூட்டிவரப்பட்ட தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் ஏராளம். கன்றுக்குக் கண்ணாடிப் பெட்டி கொடுத்த பேரரசு, அந்த மனிதர்களுக்குக் கொடுத்தது லயன் அறை.

எங்கட விறாந்தையில் தொங்குகிற மணிபிளான்டும் ஊர்ச் செடி இல்லை. அதன் சொந்த இடம் பசிபிக் கடலில் உள்ள மோரேயா தீவு. மரத்தில் ஏற விட்டால் முறம் அளவுக்கு இலை விடும். நாங்கள் அதைப் போத்தல் தண்ணீரில் வைத்து, உள்ளங்கை அளவு இலையோடு நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இப்போது இன்னொரு நம்பிக்கையும் சேர்ந்துவிட்டது. செடி வைத்தால் வீட்டுக்காற்று சுத்தமாகுமாம். 1989இல் நாசா வெளியிட்ட ஒரு ஆய்வில் இருந்து பரவிய கதை இது. அந்தப் பரிசோதனை மூடிய சின்னப் பெட்டிகளுக்குள் நடந்தது. 2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் பழைய ஆய்வுகளை எல்லாம் திரும்பக் கணக்குப் பார்த்தார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீற்றருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வைக்க வேண்டும். ஆகவே யன்னலைத் திறந்தாலே போதும். செடி எங்களைச் சுத்தப்படுத்துகிறது என்று நினைத்தோம். உண்மையில் துடைத்துச் சுத்தப்படுத்துவது நாங்கள்தான். அதிலும் ‘நாங்கள்’ என்று சொல்வது பொய். அம்மாதான்.

பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெயோ பாலோ பூசுகிற ஆட்களும் இருக்கிறார்கள். அது வேண்டாம். எண்ணெய் இலைத்துவாரங்களை அடைக்கும், புதுத் தூசியையும் பிடித்து வைக்கும். வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். பெரும்பாலான செடிகளில் துவாரங்கள் அதிகம் இருப்பது இலையின் அடியில் என்பதால் அடிப்பக்கத்தையும் துடைக்க வேண்டும். மயிர் உள்ள இலைகளை நனைக்காமல் தூரிகையால் தட்டிவிடலாம்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு அம்மம்மாவிடம் போய்ப் பெரிதாக விளக்கினோம். வார்ட், லண்டன், றப்பர் எல்லாம் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டே துணியைப் பிழிந்தார். "மாரி வந்தா நான் சாடிய எல்லாம் முற்றத்தில தூக்கி வைக்கிறனே மனே, நீங்க ஒருத்தரும் பாக்கல்லயா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. ஐப்பசி மழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதுவரைக்கும் இன்னொரு சாரத்துண்டு தேட வேண்டும்.