சிவப்புக் கடலும் பாமினி எழுத்துருவும்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாட்டின் பழைய சிடியை விண்டோஸ் 7 மடிக்கணினியில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மறக்காது. கடல் சிவப்பா இருக்கும். புல்தரையில் ஊதா ஊதாவா திட்டு. ஆட்கள் மேல் கண்ட நிறத்தில் புள்ளிகள். பார்க்கிறவர் முதலில் வைரஸ்னு சொல்வார், அடுத்தவர் கிராபிக்ஸ் போச்சுன்னு சொல்வார். ரெண்டும் இல்லீங்க. கணினி நல்லாத்தான் இருக்கு, விளையாட்டும் நல்லாத்தான் இருக்கு. நடுவில் ஒரு அட்டவணை மட்டும் மாறிப்போச்சு.

அந்த அட்டவணையின் வரலாறுதான் இந்தப் பதிவு. தமிழில் கணினி பழகியவர்களுக்கு இது புதுக் கதையும் இல்லை. வேறொரு பெயரில் நாம் ஏற்கனவே பட்ட பாடுதான்.

உள்ளே இருப்பது வெறும் எண்

640 × 480 அளவுத் திரையில் மொத்தம் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் முழு நிறத்தைச் சொல்ல சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் வேண்டும். அப்படின்னா ஒரு திரைக்கு 900 கேபி. 1990-களின் நடுவில் நிறைய கணினிகளில் திரைக்கான நினைவகமே 1 எம்பிதான். அதனால் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு பைட், அதில் 0 முதல் 255 வரை ஏதாவது ஒரு எண். 57 என்றால் என்ன நிறம் என்பதைத் தனியாக ஒரு அட்டவணை சொல்லும். இப்போது திரைக்கு 300 கேபி போதும். இந்த 256 கட்ட அட்டவணைக்குத்தான் பேலட் என்று பெயர். 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ இதைப் பரவலாக்கியது. 1995-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டைரக்ட்எக்ஸில் இருந்த டைரக்ட்டிரா என்ற பகுதியும் இதற்கு வழி செய்து கொடுத்தது. 1997-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், 1998-ல் வந்த ஸ்டார்கிராஃப்ட் ரெண்டுமே இந்த 256 வண்ணக் குடும்பம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். விளையாட்டு திரைக்கு அனுப்பும் படத்தில் நிறம் இல்லை, எண்தான் இருக்கிறது. பொருள் வெளியே, அட்டவணையில் இருக்கிறது. அட்டவணை மாறினால் கடல் சிவப்பாகும்.

இப்போ பாமினி எழுத்துருவை நினைச்சுப் பாருங்க. கோப்பில் 106 என்ற எண் இருக்கும். ஆங்கில எழுத்துருவில் அது 'ஜே'. பாமினியில் அதுவே 'த'. எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் கடிதம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கொட்டிக் கிடக்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை, அட்டவணைதான் இல்லை. டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு அட்டவணை இருந்த காலம் அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாப், டாம் ரெண்டும் தரமாக வந்தன. 2010-ல் தமிழக அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றது. இடைப்பட்ட வருஷங்களில் எழுதியதையெல்லாம் யாரோ உட்கார்ந்து மாற்ற வேண்டியிருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் டிஸ்கியில் ஏற்றிய நூல்கள் பின்னால் யுனிகோடுக்கு வந்தது அப்படித்தான்.

பேலட்டும் எட்டு பிட் எழுத்துருவும் ஒரே பிறவி. ரெண்டுக்கும் வந்த நோயும் ஒன்று, மருந்தும் ஒன்று: நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

விலையில்லா மடிக்கணினி வந்த காலம்

எங்கள் தேவதானப்பட்டி பக்கம் இந்தச் சிவப்புக் கடல் வந்து சேர்ந்தது தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியோடு. 2011 செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியது, கொள்முதல் எல்காட் வழியாக. அதுவரை கணினி விளையாட்டு என்றால் பெரியகுளம் போய் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்காரணும். இல்லைன்னா பொறியியல் கல்லூரி விடுதியில் யாராவது ஒருத்தன் கணினியைச் சுற்றிப் பத்துப் பேர். மடிக்கணினி வந்ததும் ரோட் ராஷும் வைஸ் சிட்டியும் பென்டிரைவ் வழியாகத் தெருத்தெருவாகப் போனது.

என் அக்கா பையன் அப்போது போன் பண்ணிக் கேட்டது இது: "மாமா, கடலெல்லாம் ரத்தமா இருக்கு, சர்வீசுக்குக் கொடுக்கணுமா?"

விண்டோஸ் தன் பொத்தான், சட்டம் இவற்றுக்காக அட்டவணையில் 20 கட்டங்களை எடுத்து வைத்திருக்கும். விளையாட்டு முழுத்திரையில் ஓடும்போது 256-ம் தனக்கே என்று நினைக்கும். விண்டோஸ் 7-ல் பின்னால் ஓடும் எக்ஸ்ப்ளோரர் இடையில் புகுந்து சில கட்டங்களைத் தன் நிறத்துக்கு மாற்றிவிடும். அதனால் டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு விளையாட்டைத் தொடங்கினால் கடல் நீலமாகிவிடும். முடிந்ததும் அதே டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரைத் திரும்ப ஓட விடணும். பையன் இதைக் கத்துக்கிட்டு வகுப்பு முழுக்கச் சொல்லிக் கொடுத்துட்டான்.

கோப்புறையில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

விண்டோஸ் 8 வந்தபோது 256 வண்ண முறையே போய்விட்டது. பழைய விளையாட்டு கேட்டால் இருப்பது போல நடிக்கும், அதுவும் மெதுவாக. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரல்கள் நேரடியாக ஓடாது. அதனால் டேஞ்சரஸ் டேவ் விளையாட டாஸ்பாக்ஸ் வேண்டும்.

டைரக்ட்டிரா விளையாட்டுகளுக்கு இன்று நல்ல வழி சிஎன்சி-டிடிரா, டிஜிவூடூ 2 போன்ற சிறு நிரல்கள். வேலை செய்யும் விதம் எளிது. விளையாட்டு தொடங்கும்போது டைரக்ட்டிராவின் டிஎல்எல் கோப்பைத் தேடும். விண்டோஸ் முதலில் அந்த விளையாட்டின் கோப்புறையில்தான் பார்க்கும், அப்புறம்தான் தன் அமைப்புக் கோப்புறைக்குப் போகும். அதே பெயரில் ஒரு கோப்பை விளையாட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் விளையாட்டு அதனிடம் பேசும். அது பழைய எண்களை வாங்கி, அட்டவணையைத் தானே வைத்துக்கொண்டு, இன்றைய கிராபிக்ஸுக்குப் புரியும் நிறமாக மாற்றிக் கொடுக்கும். படத்தை 4:3 விகிதத்தில் நிறுத்தி வைக்கவும் இதில் வழி உண்டு. இல்லைன்னா அகலத்திரையில் வில்வீரன் எல்லாம் குண்டாகத் தெரிவான்.

முப்பரிமாண விளையாட்டிலும் இதே கதை. 1996-ல் வூடூ அட்டையைக் கொண்டுவந்த த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம் கிளைடு என்று தனக்கென ஒரு மொழி வைத்திருந்தது. 2000 டிசம்பரில் அதன் சொத்துகளை என்விடியா வாங்க முடிவானது. மொழி அனாதையானது. நீட் ஃபார் ஸ்பீடு 2-ன் சிறப்புப் பதிப்பை கிளைடில் ஓட்ட இன்று என்கிளைடு என்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பெரிய நிறுவனங்களும் இதே வழிக்கு வந்துவிட்டன. டைரக்ட்எக்ஸ் 9-ஐ தன் 12-வது தலைமுறை உள்ளமை கிராபிக்ஸ் நேரடியாகப் பேசாது, 12-க்கு மாற்றித்தான் ஓட்டும் என்று 2022-ல் இன்டெல் சொன்னது.

என் வயதுக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்டெல் 845ஜி போர்டு காலத்தில் புது விளையாட்டு வந்து "உன்னிடம் ஹார்டுவேர் டி அண்ட் எல் இல்லை"ன்னு திருப்பி அனுப்பும். த்ரீடி அனலைஸ் போட்டு, இருக்கிறது என்று பொய் சொல்லி ஓட்டுவோம். அன்று பழைய கணினி புது விளையாட்டை ஏமாற்றியது. இன்று புதுக் கணினி பழைய விளையாட்டை ஏமாற்றுகிறது.

திறக்காத கதவு

எங்கள் ஊர் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் சந்நிதிக் கதவு திறப்பதில்லை, மூடிய கதவுக்குத்தான் பூஜை. பழைய விளையாட்டுகளைச் சரி செய்பவர்களும் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். மூலநிரல் உள்ளே பூட்டியிருக்கும். வெளியே நின்றுகொண்டு விளையாட்டு என்ன கேட்கிறது என்று கவனித்துக் கவனித்து எழுத வேண்டும்.

அரிதாகக் கதவு திறக்கும். ஜோர்டன் மெக்னர் 1989-ல் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் மூலநிரல் தொலைந்துவிட்டது என்றே இருந்தார். அவருடைய அப்பா வீட்டில் ஒரு பெட்டியில் ஃபிளாப்பிகளைக் கண்டெடுத்தார். 2012-ல் அதைப் படித்தெடுத்து எல்லோருக்கும் பொதுவில் வைத்தார்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸுக்கு வேறு அதிர்ஷ்டம். சந்தை இருந்ததால் 2018-ல் புதுப்பிக்கப்பட்ட பதிப்பு வந்தது. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு ரெண்டும் இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது.

நம்ம பக்கம் என்ன இருக்கு?

இங்கேதான் எனக்குக் கவலை. 1990-களின் கடைசியிலும் 2000-களிலும் தமிழில் பல்லூடக சிடிகள் வந்தன. திருக்குறள், ஆத்திசூடி, குழந்தைப் பாடல், அரிச்சுவடி விளையாட்டு. புத்தகக் கண்காட்சியில் வாங்கி வீட்டில் வைத்திருப்போம். அவற்றில் பல 256 வண்ணத்தில் ஓடுபவை, எட்டு பிட் தமிழ் எழுத்துருவில் எழுதியவை. அதாவது ரெண்டு அட்டவணையும் தொலைந்த பொருள்கள். ஃபிளாஷில் செய்தவற்றுக்கு மூன்றாவது அடி: 2020 டிசம்பர் 31-ல் அடோபி ஃபிளாஷை நிறுத்தியது. அதற்கு ரஃபுள் என்ற மொழிபெயர்ப்பாளர் உண்டு என்பது ஆறுதல்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸைக் காப்பாற்ற உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். ஆத்திசூடி சிடியைக் காப்பாற்ற நாம்தான். வித்தை ஏற்கனவே கையில் இருக்கிறது. சிவப்புக் கடலை நீலமாக்கத் தெரிந்த பையனுக்கு இதுவும் தெரியும்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு சிடி இருந்தால் மூன்று வேலை செய்யுங்கள். கோப்புகளை மட்டும் நகலெடுக்காமல் சிடி முழுவதையும் ஐஎஸ்ஓ கோப்பாக எடுங்கள். அதனுடன் வந்த எழுத்துருக் கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள், அது போனால் எழுத்து போச்சு. அட்டையையும் உள்தாளையும் படம் பிடித்து, எந்த விண்டோஸுக்கு, எத்தனை வண்ணத்துக்கு என்று போட்டிருப்பதைக் குறித்து வையுங்கள். சிடியின் மேல்பூச்சு உரிவதற்குள் செய்துவிடுங்கள். ஓட வைப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.