பால் பல்லும் பெற்றோர் மனமும்



கல்வராயன் மலைத்தொடரைத் தன்னகத்தே கொண்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நைனார்பாளையம் என்னும் ஊர் இருக்கிறது. அஃது என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அங்கே சென்றிருந்தேன். அவளுடைய நான்கு வயது மகன் கன்னம் வீங்கி, சோற்றை மெல்ல முடியாமல் படுத்திருந்தான். மூன்று இரவுகளாக அவ்வீட்டில் ஒருவருக்கும் உறக்கமில்லை. பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாய்ப் பால் பற்கள் இரண்டு கறுத்துக் குழிந்திருந்தன. படித்தவன் என்னும் மிடுக்கில், "இவ்வளவு அறியாமையா? பெற்ற பிள்ளையின் பல்லை இப்படியா கெடவிடுவது?" என்று தங்கையைக் கடிந்துகொண்டேன். அவள் மறுமொழி ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே சென்றாள்.

நான் சொன்ன சொல் தவறு என்பதை உணர எனக்குச் சில காலம் பிடித்தது. உணர்த்தியது ஒரு வரலாறு. பிள்ளையின் பல்லைக் காப்பதைப் பற்றிப் பெற்றோர் என்ன நம்புகிறார்கள் என்பதை அளந்தறிய அறிஞர்கள் கற்றுக்கொண்ட வரலாறு அது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பல் ஏன் சொத்தையாகிறது? இக்கேள்விக்கு மனிதன் நெடுங்காலமாகச் சொல்லிவந்த விடை, புழு என்பதாகும். பழைய மெசொப்பொத்தேமிய நாட்டின் களிமண் பலகை ஒன்றில், பல்லில் குடியேறிய புழுவின் கதை ஆப்பெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நம் நாட்டிலும் அந்த நம்பிக்கை வேரூன்றியிருந்தது. சொத்தைப் பல்லைப் 'பூச்சிப் பல்' என்று நம் சிற்றூர்களில் இன்றும் சொல்வார்கள். கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு, அதன் புகையை வாயில் பிடித்தால் பூச்சி விழுந்துவிடும் என்பது பாட்டிமார் கைகண்ட வைத்தியம். ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உறுதி தருபவையாகப் பழமொழியிலேயே போற்றி வைத்த மக்கள், பல்லைப் பற்றிக் கவலையற்றவர்களாக இருந்திருக்க முடியுமா?

புழுவைத் தேடிப் பார்த்தவர் பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு சொத்தைப் பற்களை ஆராய்ந்தும் தாம் புழுவைக் காணவில்லை என்று 1728ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் எழுதினார். உண்மைக் காரணம் விளங்க மேலும் 160 ஆண்டுகள் ஆயின. அமெரிக்கரான வில்லோபி மில்லர் பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்து, 1890இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். பிடுங்கிய பற்களை உமிழ்நீரோடு ரொட்டியும் சர்க்கரையும் சேர்த்து வைத்தபோது அவை கரைந்தன. இறைச்சியோடு வைத்தபோது கரையவில்லை. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் புளிக்கச்செய்து அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் சுண்ணத்தைக் கரைக்கிறது. சொத்தையின் கதை இதுவே.

1945ஆம் ஆண்டு சுவீடனில், விப்பேஹோல்ம் என்னும் மனநல விடுதியில் மற்றோர் ஆராய்ச்சி தொடங்கிற்று. அங்கிருந்தவர்களுக்கு ஒட்டும் இனிப்புகளைக் கொடுத்துப் பற்கள் கெடுவதைக் கவனித்தார்கள். சர்க்கரையின் அளவைவிட, ஒட்டும் இனிப்பை உணவுக்கு இடையிடையே அடிக்கடி தின்பதே பெருங்கேடு என்பது அதனால் தெளிந்தது. ஆயினும், தம் சம்மதத்தைச் சொல்ல இயலாதவர்களின் பற்களைக் கெடுத்துப் பெற்ற அறிவு அது என்பதை நாம் மறத்தல் கூடாது.

இவ்வாறு நோயின் காரணம் தெரிந்தது. தடுக்கும் வழியும் தெரிந்தது. ஃபுளோரைடு கலந்த பற்பசையால் நாள்தோறும் இருமுறை பல் தேய்த்தல், இனிப்பை அடிக்கடி தராதிருத்தல் ஆகியவையே அவ்வழி. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவு பற்பசை போதும். இவ்வளவு எளிய வழி இருந்தும் நோய் குறைந்ததா? 2002-03ஆம் ஆண்டுகளில் இந்தியா முழுவதும் நடந்த வாய்நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக் குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சொத்தைப் பல் இருக்கக் கண்டனர். மருந்து தெரிந்தும் நோய் தீராததற்குக் காரணம் என்ன?

இதே போன்ற புதிர் வேறொரு நோயில் முன்னரே தோன்றியிருந்தது. 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர், காசநோயைக் கண்டறியும் எக்ஸ்-கதிர் வண்டிகளைத் தெருவுக்கே அனுப்பினார்கள். கட்டணம் இல்லை, நெடுந்தூரம் நடக்க வேண்டியதும் இல்லை. எனினும் பலர் வரவில்லை. வராதவர்களை அறிவிலிகள் என்று தள்ளிவிடாமல், அவர்கள் மனத்தில் இருப்பதைக் கேட்டறிய முற்பட்டார் காட்ஃப்ரி ஹோக்பாம் என்னும் உளவியலறிஞர். 'எனக்கும் இந்நோய் வரக்கூடும்', 'முன்னமே கண்டறிந்தால் நன்மை உண்டு' என்னும் இரண்டையும் நம்பியவர்களில் நூற்றுக்கு 82 பேர் தாமே முன்வந்து படம் எடுத்திருந்தனர். இரண்டையும் நம்பாதவர்களில் எடுத்தவர் நூற்றுக்கு 21 பேரே. 1958இல் இம்முடிவு வெளிவந்தது. சில ஆண்டுகளில் ஸ்டீபன் கெகலஸ் என்பவர் இதே நோக்கைப் பல் மருத்துவத்திற்கும் கொண்டுவந்தார்.

நம்பிக்கையை எவ்வாறு அளப்பது என்று நீங்கள் கேட்கலாம். துணியை அளக்க முழக்கோல் உண்டு. மனத்தை அளக்கக் கோல் ஏது? அதற்கும் ஒரு கோல் செய்தார்கள். மனப்பான்மையை அளக்க முடியும் என்று 1928இல் வாதிட்டார் தர்ஸ்டன். 1932இல் லிக்கர்ட் என்பவர் எளிய முறையொன்றை வகுத்தார். ஒரு கூற்றைச் சொல்லி, 'முழுதும் ஒப்புகிறேன்' என்பது முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பது வரை ஐந்து படிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்வது அம்முறை. படிக்கு ஏற்ப மதிப்பெண் இடுவர். பல கூற்றுகளின் மதிப்பெண்களைக் கூட்டி ஒருவர் மனநிலையை அறிவர்.

கோல் கோணலாக இருந்தால் அளவும் கோணலாகும் அல்லவா? ஆகவே அதனைப் பல வகையில் சோதிப்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையசைப்பவரைக் கண்டுகொள்ளச் சில கூற்றுகளை எதிர்மறையாக அமைப்பார்கள். சில வாரங்கள் சென்று அதே கேள்விகளைக் கேட்டு, விடை மாறாதிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறுதியில், பெற்றோர் சொன்ன விடையைப் பிள்ளையின் பல்லோடு ஒப்பிடுவார்கள். வேற்றுமொழிக் கேள்விகளை நம் மொழியில் தரும்போது இன்னும் விழிப்பு வேண்டும். 'சொத்தைக்குக் காரணம் கிருமி' என்றால், பூச்சிப் பல் என்று பேசிப் பழகிய தாய், புகைபோட்டு விரட்டும் பூச்சியையே எண்ணிக்கொண்டு ஆம் என்று சொல்லக்கூடும்.

இக்கோலால் அளந்தபோது வெளிப்பட்ட உண்மைதான் என்னை நாணச் செய்தது. ஒரு செயலின் நன்மையை அறிவது வேறு. அதனைச் செய்ய என்னால் இயலும் என்று நம்புவது வேறு என்பதை 1977இல் ஆல்பர்ட் பாண்டுரா எடுத்துக்காட்டினார். 2004இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, 17 நாடுகளில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் பெற்றோரைக் கேட்டறிந்தது. பிள்ளை ஒழுங்காகப் பல் தேய்க்குமா என்பதை எல்லாவற்றிலும் நன்றாக முன்னறிவித்தது, 'என் பிள்ளையைப் பல் தேய்க்கச் செய்ய என்னால் முடியும்' என்னும் பெற்றோரின் நம்பிக்கையே.

இதைப் படித்தபின் மீண்டும் நைனார்பாளையம் சென்றேன். இம்முறை ஒரு குறிப்பேட்டில் சில கூற்றுகளை எழுதிச் சென்று, தங்கையிடமும் அண்டை வீட்டுத் தாய்மாரிடமும் கேட்டேன். 'பால் பல்லைக் காக்க வேண்டும்' என்றேன். எல்லாரும் ஒருமுகமாக ஆம் என்றார்கள். 'பால் பல் விழப்போவதுதானே. அதைக் காக்க வேண்டியதில்லை' என்றேன். அதற்கும் சிலர் ஆம் என்றார்கள்! அருகில் இருந்த மூதாட்டி ஒருவர் சிரித்துவிட்டு, "நீ பெரிய படிப்புப் படித்தவன் தம்பி, நீ சொல்வதை இல்லையென்று சொன்னால் மரியாதையாக இருக்குமா?" என்றார். கேட்பவனின் மிடுக்கும் விடையை மாற்றும் என்பதை நூல்களைவிட அந்தப் பாட்டி எனக்கு நன்றாகக் கற்பித்தார்.

கடைசிக் கூற்றைத் தங்கையிடம் தனியே கேட்டேன். 'பிள்ளை அழுது அடம்பிடித்தாலும் இரவில் பல் தேய்த்துவிட என்னால் முடியும்.' அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "முடியாது அண்ணே" என்றாள். "பல் தேய்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். பொழுது சாய்ந்து கரும்புக் காட்டிலிருந்து வருகிறேன். உலை வைப்பதற்குள் அவன் தூங்கிவிடுகிறான். எழுப்பினால் ஊரே கேட்க அழுகிறான். பகலில் அத்தை வெல்லக்கட்டி கொடுத்து அமர்த்துகிறார். அவரை வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? அன்றைக்கு நீ திட்டினாயே, வழி என்ன என்று நீ சொல்லவில்லையே."

அறியாமை என்று நான் பெயரிட்டது அறியாமையே அன்று. அவளிடம் அறிவு இருந்தது. தன் கையால் ஆகும் என்னும் துணிவும், அதற்குத் துணை நிற்கும் குடும்பமுமே இல்லை. அன்று அவளுடைய மாமியாரையும் உடன் வைத்துக்கொண்டு பேசினோம். பால் பற்கள் இருபது. அவற்றுள் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்து பிள்ளைக்கு உணவு மெல்ல உதவுகின்றன. பின் வரும் பல்லுக்கு இடத்தையும் காத்து வைக்கின்றன என்று விளக்கினேன். பாட்டி வியப்போடு கேட்டுக்கொண்டார். விளக்கு வைத்தவுடன், உறக்கம் வருமுன்னே, தாமே மடியில் கிடத்திப் பல் தேய்த்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். வெல்லத்தைச் சாப்பாட்டோடு மட்டும் தருவதென்றும் முடிவாயிற்று.

மாணவர்களே, நீங்கள் நாளை மருத்துவராகலாம், ஆசிரியராகலாம், ஊருக்கு நலம் சொல்லும் அலுவலராகலாம். அறிவுரை கூறப் புறப்படுமுன், கேட்பவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுமையோடு கேட்டறியுங்கள். நோயின் காரணத்தைக் காண மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அடுத்தவர் மனத்தைக் கேட்டறிய நமக்கு அத்தனை காலம் ஆக வேண்டியதில்லை.