சட்டம் நீங்கியது, சந்தேகம் நீங்கவில்லை

1871இல் வட இந்தியாவின் சில பகுதிகளுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஒரு குழுவைக் குற்றப் பரம்பரையென அரசு அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்பை எதிர்த்து நீதிமன்றத்தை நாட வழியில்லை. கைரேகைப் பதிவு, அன்றாட ஆள்கணக்கு, ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டு என வாழ்க்கை முழுவதும் காவல் நிலையத்தோடு பிணைக்கப்பட்டது.

இச்சட்டத்தின் பொருளியல் பின்னணியைச் சென்னை மாகாணத்து எருகுலர்களின் வரலாறு தெளிவாக்குகிறது. கடற்கரை உப்பைப் பொதிமாடுகளில் உள்நாட்டுக்குக் கொண்டுசென்று தானியத்துக்கு மாற்றி வாழ்ந்தவர்கள் இவர்கள். உப்பின் மீது அரசின் பிடி இறுகியது; சரக்குப் போக்குவரத்தை இருப்புப்பாதை கைப்பற்றியது; வனச் சட்டங்கள் மேய்ச்சலையும் மூங்கிலையும் மறுத்தன. பிழைப்பிழந்தோரின் அலைச்சல், பின்னர் அவர்களது குற்ற இயல்புக்குச் சான்றாக எழுதப்பட்டது. கொள்கை உண்டாக்கிய வறுமை, பிறவிக் குணமாக வாசிக்கப்பட்டது.

அடுத்து வந்தவை குடியேற்றங்கள். பாபட்லா அருகே ஸ்டூவர்ட்டுபுரத்தை இரட்சணிய சேனை நிர்வகித்தது. சீர்திருத்தத்தின் பெயரால் நடந்த அக்குடியிருப்பிலிருந்து சீராலாவின் புகையிலை ஆலைக்குத் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். சோலாப்பூரில் முள்வேலிக்குள் வாழ்ந்தவர்கள் பஞ்சாலைகளில் உழைத்தனர். அனுமதியின்றி வெளியேற இயலாதவருக்குக் கூலி பேசும் வலிமை ஏது? ஆகவே இக்குடியேற்றங்களைக் காவல்துறை வரலாற்றில் மட்டும் அடக்கிவிட முடியாது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றிலும் அவை இடம்பெற வேண்டும்.

விடுதலைக்குப் பின் அனந்தசயனம் ஐயங்கார் தலைமையிலான குழு சட்டத்தை நீக்கப் பரிந்துரைத்தது. 1952 ஆகஸ்ட் 31இல் அது நீங்கியது. ஆனால் மாநிலங்கள் இயற்றிய வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் அந்த வெற்றிடத்தை நிரப்பின. பிறப்பு என்னும் அளவுகோல் சட்டத்தின் சொற்களிலிருந்து மறைந்தது. காவலரின் பார்வையிலிருந்து மறையவில்லை. 1998இல் புருலியாவில் புதன் சபர் காவலில் இறந்ததும், சிறை விதிநூல்களில் நிலவிய சாதிப் பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் அரசமைப்புக்கு முரணெனத் தீர்ப்பளித்ததும் இத்தொடர்ச்சியின் சான்றுகள்.

இம்மக்களைப் பற்றி ஆவணக் காப்பகங்களில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி, அவர்களைக் கண்காணித்தவர்கள் எழுதியவை. அவற்றின் சொற்களை ஆய்வாளர் கேள்வியின்றி ஏற்றால், நீக்கப்பட்ட சட்டம் ஆய்வேட்டில் மீண்டும் உயிர்பெறும். எனவே அறிக்கையில் ஒருவருக்குச் சூட்டப்பட்ட பெயரைக் குறிப்பெடுக்கும் மாணவர், அப்பெயரைச் சூட்டியவர் யார், அதனால் எவருக்கு மலிவான உழைப்பு கிடைத்தது என்பவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.