சிஸ்கெலும் ஈபர்ட்டும்

ஜீன் சிஸ்கெல் (ஜனவரி 26, 1946 - பெப்ரவரி 20, 1999), ரோஜர் ஈபர்ட் (ஜூன் 18, 1942 - ஏப்ரல் 4, 2013) ஆகிய இருவரும் ஐக்கிய அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த திரைப்பட விமர்சகர்கள் ஆவர். போட்டி நாளிதழ்களில் பணியாற்றிய இவர்கள், 1975 முதல் 1999 வரை ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அருகருகே அமர்ந்து புதிய திரைப்படங்களைப் பற்றி உரையாடினர். அந்த உரையாடல் பெரும்பாலும் வாக்குவாதமாகவே அமைந்தது. இருவரும் சேர்ந்து ஒரு படத்தைப் பாராட்டும்போது கூறப்பட்ட "இரண்டு கட்டைவிரல்களும் மேலே" என்னும் தொடர் ஆங்கிலப் பேச்சு வழக்கிலேயே நிலைத்துவிட்டது.

பின்னணி

ஈபர்ட் 1967 இல் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் திரைப்பட விமர்சகரானார். சிஸ்கெல் யேல் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்றவர். 1969 இல் சிகாகோ டிரிபியூன் நாளிதழில் அதே பொறுப்பை ஏற்றார். இரண்டும் ஒரே நகரில் வாசகர்களுக்காகக் கடுமையாகப் போட்டியிட்ட இதழ்கள். ஆகவே இருவரும் ஒருவரையொருவர் எதிரியாகவே கருதினர். திரையிடல்களில் அடிக்கடி சந்தித்தும் பல ஆண்டுகள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஈபர்ட் திரைக்கதை எழுதிய "பியாண்ட் த வேலி ஆஃப் த டால்ஸ்" (1970) படத்துக்குச் சிஸ்கெல் தமது இதழில் ஒரு நட்சத்திரம்கூட வழங்கவில்லை என்பதை இங்கு குறிப்பிடலாம்.

1975 இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசை ஈபர்ட் பெற்றார். திரைப்பட விமர்சகர் ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. அதே ஆண்டில் சிகாகோவின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் இருவரையும் ஒரே நிகழ்ச்சிக்கு அழைத்தது.

நிகழ்ச்சிகள்

முதல் நிகழ்ச்சி "ஓப்பனிங் சூன் அட் எ தியேட்டர் நியர் யூ" (உங்கள் அருகிலுள்ள திரையரங்கில் விரைவில்) என்னும் நீண்ட பெயருடன் மாதம் ஒருமுறை ஒளிபரப்பானது. பின்னர் "ஸ்னீக் பிரிவியூஸ்" எனப் பெயர் மாற்றப்பட்டு, பொதுத் தொலைக்காட்சி வலையமைப்பின் வழியாக 1978 முதல் நாடு முழுவதும் சென்றது. தியா ஃபிளாம் என்னும் தயாரிப்பாளரே தொடக்க ஆண்டுகளில் இதன் வடிவத்தை உருவாக்கியவர். 1982 இல் இருவரும் வணிகத் தொலைக்காட்சிக்கு மாறி "அட் த மூவிஸ்" நிகழ்ச்சியைத் தொடங்கினர். 1986 இல் டிஸ்னியின் கிளை நிறுவனத்துக்குச் சென்றபோது நிகழ்ச்சி இவர்களது பெயரையே பெற்றது. யார் பெயர் முதலில் வரவேண்டும் என்பது நாணயத்தைச் சுண்டி முடிவு செய்யப்பட்டது, வென்றவர் சிஸ்கெல்.

உரையாடலின் அமைப்பு

அரங்கம் ஒரு திரையரங்கின் மாடி இருக்கைகளைப் போல அமைக்கப்பட்டிருந்தது. ஒருவர் படத்தை அறிமுகம் செய்து, சில காட்சிகளைக் காட்டித் தமது கருத்தைக் கூறுவார். அதன் பின் மற்றவர் பதிலளிக்க, எழுதிவைக்கப்படாத உரையாடல் தொடங்கும். நிகழ்ச்சியின் உயிர் இந்தப் பகுதியிலேயே இருந்தது. ஒருவர் என்ன சொல்லப் போகிறார் என்பது மற்றவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடாதபடி பார்த்துக்கொண்டனர். படத்தைப் பற்றிய பேச்சு ஒளிப்பதிவுக் கருவிக்கு முன்னால்தான் நடக்கவேண்டும் என்பது இதன் நோக்கம்.

தொடக்க காலத்தில் மிக மோசமான படத்தை அறிவிக்க ஒரு நாய் மாடி இருக்கைக்கு வரும். அமெரிக்கப் பேச்சு வழக்கில் தரமற்ற படத்தை நாய் என்பதுண்டு. அடுத்த நிகழ்ச்சியில் நாயின் இடத்துக்கு ஸ்கங்க் என்னும் நாற்றமடிக்கும் விலங்கு வந்தது.

கருத்து வேறுபாடுகள்

இவர்களது வாதங்கள் "பிடித்தது, பிடிக்கவில்லை" என்பதோடு நின்றுவிடவில்லை. டேவிட் லிஞ்ச் இயக்கிய "ப்ளூ வெல்வெட்" (1986) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நடிகை இசபெல்லா ரொசெலினியை அவமானத்துக்குரிய காட்சிகளில் நடிக்கவைத்துவிட்டு, அப்படம் அவற்றைக் கேலிக்கூத்தோடு கலந்துவிட்டது என ஈபர்ட் சினந்தார். சிஸ்கெலோ, அவர் தாமே முடிவெடுக்கக்கூடிய நடிகை என்றும், பார்வையாளரைக் கலங்கவைப்பதே அப்படத்தின் வேலை என்றும் எதிர்த்தார். ஒரு நடிகருக்கு இயக்குநர் எந்த அளவு கடமைப்பட்டவர் என்னும் வினாவே அங்கு பேசப்பட்டது. இருவரில் எவரும் தோற்றதாகக் கூற முடியாது.

1987 இல் ஒரே நிகழ்ச்சியில் ஸ்டான்லி குப்ரிக்கின் "ஃபுல் மெட்டல் ஜாக்கெட்" படத்தை ஈபர்ட் நிராகரித்து, ஒரு நாயைப் பற்றிய "பென்ஜி த ஹண்டட்" என்னும் சிறுவர் படத்தைப் பாராட்டினார். சிஸ்கெல் இதை விட்டுவிடவில்லை. குப்ரிக்கைவிட பென்ஜி மேலா என்று அவர் குத்திக்காட்ட, ஒவ்வொரு படத்தையும் அதன் வகைக்குள், அது யாருக்காக எடுக்கப்பட்டதோ அவர்களை மனத்தில் கொண்டு அளக்கவேண்டும் என்று ஈபர்ட் வாதிட்டார். ஈபர்ட்டின் விமர்சன முறையையே விளக்கும் பதில் இது. கட்டுரையாக எழுதியிருந்தால் இவ்வளவு சுருக்கமாக வந்திருக்குமா என்பது ஐயமே. மறுபக்கம், ஐந்து முதன்மை ஆஸ்கார் விருதுகளை வென்ற "த சைலன்ஸ் ஆஃப் த லேம்ப்ஸ்" (1991) படத்தைச் சிஸ்கெல் ஏற்கவில்லை. ஈபர்ட் அதைப் பாராட்டினார்.

ஜான் வூ இயக்கிய "புரோக்கன் ஏரோ" (1996) பற்றிய உரையாடல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. சிஸ்கெல் முதலில் அதைப் பரிந்துரைத்தார். ஈபர்ட் அடுக்கிய குறைகளைக் கேட்டபின், அதே உரையாடலில் தம் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்பினார். இருபதாண்டுகளுக்கு மேல் வாதிட்டுப் பழகிய ஒருவர், எதிராளியின் வாதம் சரியென்று பார்வையாளர்கள் முன்பாகவே ஒப்புக்கொண்டது அரிய நிகழ்வு.

கட்டைவிரல் முறையும் அதன் மீதான எதிர்ப்பும்

தொடக்கத்தில் "ஆம்", "இல்லை" என்று மட்டுமே கூறிவந்தனர். 1980களில் கட்டைவிரல் முறை வந்தது. திரைப்பட நிறுவனங்கள் இதை விளம்பரங்களில் பெரிய எழுத்தில் அச்சிடத் தொடங்கின. அத்தொடர் பின்னர் வணிகக் குறியாகவும் பதிவு செய்யப்பட்டது.

1990 இல் விமர்சகர் ரிச்சர்ட் கார்லிஸ் "ஃபிலிம் கமெண்ட்" இதழில், இத்தகைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் திரைப்பட விமர்சனத்தைச் சில நிமிடப் பேச்சாகவும் விரலசைவாகவும் சுருக்கிவிட்டன என எழுதினார். ஈபர்ட் அதே இதழில் மறுப்பு எழுதினார். கார்லிஸின் குறையில் உண்மை உண்டு. விரல் நினைவில் நிற்கிறது, காரணம் மறந்துவிடுகிறது. ஆயினும் சிறு நகரங்களில் வாழ்ந்த பலருக்கு, ஒரு படத்தைப் பற்றி இரண்டு பெரியவர்கள் காரணம் காட்டி வாதிடுவதைக் காணும் வாய்ப்பு இந்நிகழ்ச்சியிலேயே முதலில் கிடைத்தது என்பதையும் சேர்த்தே எடைபோடவேண்டும்.

ஆதரித்த படங்கள்

பெரிய விளம்பரம் இல்லாத படங்களுக்கு இவர்களது ஆதரவு பெரிதும் உதவியது. இரண்டு நண்பர்கள் உணவகத்தில் பேசிக்கொண்டிருப்பதை மட்டுமே காட்டும் "மை டின்னர் வித் ஆந்த்ரே" (1981) அவற்றுள் ஒன்று. சிகாகோவின் இரண்டு ஏழைச் சிறுவர்களது கூடைப்பந்துக் கனவைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த "ஹூப் டிரீம்ஸ்" (1994) ஏறக்குறைய மூன்று மணிநேர ஆவணப்படம். சன்டான்ஸ் திரைப்பட விழாவின்போது, விநியோகஸ்தர் கிடைப்பதற்கு முன்பே, இருவரும் அதைத் தம் நிகழ்ச்சியில் பாராட்டினர். ஆண்டு முடிவில் இருவரது பட்டியலிலும் அதுவே முதலிடம் பெற்றது. ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் பரிந்துரை அதற்குக் கிடைக்காதபோது கடும் கண்டனம் எழுந்தது.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினி மூலம் வண்ணம் பூசுவதை இருவரும் எதிர்த்தனர். 1989 இல் ஒரு சிறப்பு நிகழ்ச்சியை முழுவதும் கறுப்பு வெள்ளையிலேயே வழங்கினர்.

சிஸ்கெலின் மறைவு

காலப்போக்கில் பகை நெருக்கமாக மாறியது. 1992 இல் ஈபர்ட்டின் திருமணத்தில் சிஸ்கெலின் மகள்கள் மணமகளுக்கு முன்னே மலர் ஏந்திச் சென்றனர். 1998 மே மாதத்தில் சிஸ்கெலுக்கு மூளையில் கட்டி அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பின் சில வாரங்கள் தொலைபேசி வழியாகவே நிகழ்ச்சியில் பங்கேற்றார். நோய் எவ்வளவு கடுமையானது என்பதை அவர் தம் குடும்பத்துக்கு வெளியே எவருக்கும் கூறவில்லை, ஈபர்ட்டும் அறியவில்லை. 1999 பெப்ரவரி தொடக்கத்தில் ஓய்வு எடுப்பதாக அறிவித்தவர், அதே மாதம் 20 ஆம் நாள் தமது 53 ஆம் அகவையில் காலமானார்.

நண்பரிடம் விடைபெற முடியாமற் போனது ஈபர்ட்டை வெகுவாகப் பாதித்தது. தமக்கு நோய் வந்தால் அதை மறைப்பதில்லை என முடிவு செய்தார். 2006 இல் புற்றுநோய் சிகிச்சையால் பேச்சையும் கீழ்த்தாடையையும் இழந்தபோது, அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். மாறிய முகத்துடன் பொதுவில் தோன்றவும் தயங்கவில்லை.

பின்னர்

2000 முதல் ரிச்சர்ட் ரோப்பர் ஈபர்ட்டுடன் நிகழ்ச்சியை நடத்தினார். பின்னர் வேறு விமர்சகர்களிடம் சென்ற அந்நிகழ்ச்சி 2010 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. சிகாகோ கலைக் கழகப் பள்ளியின் திரைப்பட மையம் 2000 இல் சிஸ்கெலின் பெயரைப் பெற்றது. ஈபர்ட்டின் வாழ்க்கையையும் இருவரது நட்பையும் கூறும் "லைஃப் இட்செல்ஃப்" என்னும் ஆவணப்படம் 2014 இல் வெளியானது. அதை இயக்கிய ஸ்டீவ் ஜேம்ஸ், இருபது ஆண்டுகளுக்கு முன் இவ்விருவரும் தூக்கிநிறுத்திய "ஹூப் டிரீம்ஸ்" படத்தின் இயக்குநர் ஆவார்.