குத்துச்சண்டை: புள்ளி வழங்காத நடுவர் முடிவை மாற்றுவது எப்படி?

லண்டன் ஒலிம்பிக்கில் 2012 ஆகஸ்டில் நடைபெற்ற 69 கிலோ எடைப் பிரிவுப் போட்டியில், இந்தியாவின் விகாஸ் கிருஷன் அமெரிக்காவின் எரால் ஸ்பென்ஸை 13–11 என்ற புள்ளிக்கணக்கில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. காலிறுதிக்கு முன்னேறிய மகிழ்ச்சி சில மணி நேரமே நீடித்தது. அமெரிக்க அணி மேல்முறையீடு செய்தது. முடிவு மாற்றப்பட்டு, ஸ்பென்ஸ் 15–13 என வென்றதாக அறிவிக்கப்பட்டது. புள்ளிகளைப் பதிவு செய்தவர்களை அத்தீர்ப்பு குறை கூறவில்லை. களத்துக்குள் நின்ற நடுவர் செய்யத் தவறியவற்றையே அது எடுத்துரைத்தது.

மூன்றாவது சுற்றில் மட்டும் விகாஸ் ஒன்பது முறை எதிராளியைக் கட்டிப்பிடித்து விதியை மீறினார் என்றும், இரண்டாவது சுற்றில் பல் காப்பை வேண்டுமென்றே துப்பினார் என்றும் சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கம் கூறியது. இவற்றுக்காகக் குறைந்தது இரண்டு எச்சரிக்கைகளாவது விடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. அப்போதைய விதிப்படி ஓர் எச்சரிக்கை எதிராளிக்கு இரண்டு புள்ளிகளைப் பெற்றுத் தரும். ஸ்பென்ஸின் 11 புள்ளிகள் 15 ஆனது இவ்வாறுதான். நடுவர் உயர்த்தாத ஒரு கை, இந்தியாவுக்குக் காலிறுதி வாய்ப்பை முதலில் அளித்தது. பின்னர் அதுவே அவ்வாய்ப்பைப் பறிக்கவும் காரணமாயிற்று.

தமிழில் 'நடுவர்' என்ற ஒரே சொல்லால் இரு வேறு பணியாளர்களைக் குறிப்பிடுவதால் குழப்பம் நேர்கிறது. களத்துக்குள் வீரர்களுடன் நிற்பவர் ரெஃப்ரி. அவரே இக்கட்டுரையில் நடுவர். களத்துக்கு வெளியே அமர்ந்து மதிப்பிடுவோரைப் புள்ளி நடுவர்கள் எனக் கொள்ளலாம். ஒலிம்பிக்கில் ஐவர், தொழில்முறைப் பட்டப் போட்டிகளில் பெரும்பாலும் மூவர். இன்று இவ்விரு களங்களிலும் சுற்றை வென்றவருக்கு 10 புள்ளிகளும் மற்றவருக்குப் பொதுவாக 9 புள்ளிகளும் தரப்படுகின்றன. நடுவருக்கு இக்கணக்கில் பங்கில்லை. பிரிட்டன் இதற்கு விதிவிலக்கு. அங்கே நடுவரே புள்ளியிடும் மரபு நீண்டகாலம் நிலவியது. 1971 மார்ச்சில் வெம்ப்ளியில் ஹென்றி கூப்பரைவிட ஜோ பக்னருக்குக் கால் புள்ளி கூடுதலாக அளித்தார் நடுவர் ஹாரி கிப்ஸ். கூப்பரின் கடைசிப் போட்டி அதுவே. பிரிட்டன் ரசிகர்கள் பலர் கிப்ஸை வெகுகாலம் மன்னிக்கவில்லை.

எழுதுகோல் இல்லாத நடுவரின் கையில் இருப்பது, முதலாவதாக, எண்ணிக்கை. வீழ்ந்தவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழ வேண்டும் என்பது அனைவரும் அறிந்த விதி. அந்தப் பத்து, கடிகாரத்தின் பத்து விநாடி அன்று. நடுவர் உரக்க எண்ணும் பத்து. 1927 செப்டம்பர் 22 அன்று சிகாகோவில், ஏழாவது சுற்றில் ஜீன் டன்னியை வீழ்த்திய ஜாக் டெம்ப்சி, விதிப்படி எதிர் மூலைக்குச் செல்லாமல் அருகிலேயே நின்றார். அவர் விலகிய பிறகே நடுவர் டேவ் பாரி எண்ணத் தொடங்கினார். டன்னிக்கு ஏறத்தாழ 13, 14 விநாடிகள் கிடைத்தன. எழுந்தவர் இறுதியில் புள்ளிகளில் வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். 'நீண்ட எண்ணிக்கை' என்ற பெயரில் அப்போட்டி இன்றும் விவாதிக்கப்படுகிறது.

1990 பிப்ரவரியில் டோக்கியோவிலும் இதே வினா எழுந்தது. எட்டாவது சுற்றில் மைக் டைசனின் குத்தில் வீழ்ந்த பஸ்டர் டக்ளஸ், நடுவர் ஒன்பது எண்ணியபோது எழுந்துவிட்டார். நடுவர் தாமதமாக எண்ணத் தொடங்கினார் என டைசன் தரப்பு முறையிட்டது. பத்தாவது சுற்றில் டைசனையே வீழ்த்திய டக்ளஸின் வெற்றியை ஏற்க இரு உலக அமைப்புகள் சில நாள் தயங்கி, பின்னர் ஏற்றன. வீழ்ந்தவர் நடுவரின் குரலைக் கேட்டு, அதற்கேற்பவே எழுகிறார் என்பதால் நடுவரின் எண்ணிக்கையே செல்லும்.

எண்ணவே மறுத்த நடுவரும் உண்டு. விகாஸ் போட்டிக்குச் சில நாள்கள் முன்னர், அதே லண்டன் களத்தில், ஜப்பானின் சதோஷி ஷிமிசுவிடம் அஜர்பைஜான் வீரர் மகோமெத் அப்துல்ஹமீதோவ் மூன்றாவது சுற்றில் ஆறு முறை தரையில் விழுந்தார். துர்க்மெனிஸ்தானைச் சேர்ந்த நடுவர் ஒருமுறைகூட எண்ணவில்லை. 22–17 என அப்துல்ஹமீதோவ் வென்றதாக அறிவிப்பு வந்தது. குறைந்தது மூன்று முறை எண்ணி, போட்டியை நிறுத்தியிருக்க வேண்டும் எனக் கூறி மேல்முறையீட்டில் முடிவு மாற்றப்பட்டது. நடுவர் தாயகம் அனுப்பப்பட்டார். ஷிமிசு வெண்கலத்துடன் திரும்பினார்.

தொலைக்காட்சியில் காண்போர் அதிகம் கவனிக்காதது, கட்டிப்பிடித்த வீரர்களை நடுவர் பிரிக்கும் வேகம். நெருங்கிவந்து விலா எலும்பைக் குறிவைப்பவருக்கு அந்த நெருக்கமே ஆயுதம். தொலைவில் நின்று நீண்ட கையால் குத்துபவருக்கு உடனே பிரித்துவிடுவதே வசதி. 2007 டிசம்பரில் லாஸ் வேகாசில் ஃப்ளாய்ட் மேவெதருடன் மோதிய ரிக்கி ஹாட்டன் முதல் வகையினர். நடுவர் ஜோ கார்ட்டெஸ் தம்மை அவசரமாகப் பிரித்துக்கொண்டே இருந்தார் என்பது ஹாட்டன் தரப்பின் குறை. ஆறாவது சுற்றில் ஹாட்டனுக்கு ஒரு புள்ளியும் குறைக்கப்பட்டது. பத்தாவது சுற்றில் மேவெதர் அவரை வீழ்த்திவிட்டதால், வேறு நடுவர் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் எனச் சொல்ல இயலாது. ஆனால் போட்டி எவருக்கு உகந்த தொலைவில் நடந்தது என்பதை நடுவரே தீர்மானித்தார் என்பதை மறுப்பது கடினம்.

புள்ளிக் குறைப்பின் கனம் ஒலிம்பிக்கில் இன்னும் கூடுதல். மூன்று சுற்றுகளே கொண்ட போட்டியில், ஒரு சுற்றை 10–9 என வென்றவருக்கு விடுக்கப்படும் ஒரே எச்சரிக்கை அந்தச் சுற்றின் பயனை அழித்துவிடும். பன்னிரண்டு சுற்றுகளில் ஈடுசெய்ய நேரமுண்டு. ஒன்பது நிமிடங்களில் அது அரிது.

எல்லாவற்றினும் பெரிய அதிகாரம் போட்டியை நிறுத்துவது. இந்தியக் குத்துச்சண்டைச் செய்திகளில் அடிக்கடி வரும் 'ஆர்.எஸ்.சி.' என்ற சுருக்கம், நடுவர் போட்டியை நிறுத்தியதையே குறிக்கிறது. இதனை 'நாக் அவுட்' என மொழிபெயர்ப்பது பிழை: வீழ்ந்தவர் எழ இயலாமற்போவது வேறு, நிற்பவரைப் பார்த்து 'போதும்' என நடுவர் சொல்வது வேறு.

1990 மார்ச் 17 அன்று லாஸ் வேகாசில் நடுவர் ரிச்சர்டு ஸ்டீல் சொன்ன 'போதும்' இன்றளவும் சர்ச்சைக்குரியது. மெக்சிகோவின் ஹூலியோ சீசர் சாவேசும் அமெரிக்காவின் மெல்ட்ரிக் டெய்லரும் அதுவரை தோல்வி காணாதவர்கள். பதினொரு சுற்றுகளின் முடிவில் மூன்று புள்ளி நடுவர்களில் இருவரின் கணக்கில் டெய்லர் எட்ட இயலாத முன்னிலையில் இருந்தார். ஆனால் அவர் முகம் வீங்கி, வாயில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கடைசிச் சுற்றின் இறுதி விநாடிகளில் சாவேஸ் அவரை வீழ்த்தினார். டெய்லர் எழுந்தார். 'நலமா?' என ஸ்டீல் இருமுறை வினவினார். பதில் இல்லை; டெய்லரின் பார்வை தமது பயிற்சியாளர் பக்கம் திரும்பியிருந்தது. ஸ்டீல் கைகளை அசைத்துப் போட்டியை நிறுத்தினார். மீதமிருந்தது இரண்டு விநாடி. மணி ஒலித்திருந்தால் டெய்லர் வென்றிருப்பார். நேரத்தைக் கணக்கிடுவது தமது பணியன்று, வீரரின் நிலையைக் காண்பதே பணி என்பது ஸ்டீலின் வாதம். டெய்லர் அன்றிரவு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கண்குழி எலும்பு முறிந்திருந்தது.

ஸ்டீலின் வாதத்துக்கு வலுச்சேர்க்கும் நிகழ்வு 1962 மார்ச் 24 அன்று நியூயார்க்கில் நடந்தது. பன்னிரண்டாவது சுற்றில் மூலையில் சிக்கிய கியூபாவின் பென்னி பாரெட் மீது எமில் கிரிஃபித் தொடர்ந்து குத்திக்கொண்டே இருந்தார். அனுபவமிக்க நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் குறுக்கிட்டபோது காலம் கடந்திருந்தது. நேரடி ஒளிபரப்பில் மக்கள் கண்ட அத்தாக்குதலுக்குப் பத்து நாள்களுக்குப் பின் பாரெட் மயக்கம் தெளியாமலே இறந்தார். விரைந்து நிறுத்திய நடுவரைக் குறைகூறத் தோற்ற வீரர் உயிருடன் இருப்பார்; தாமதித்தவரைக் குறைகூறும் நிலையில் அவ்வீரர் இருப்பதில்லை. நடுவர்கள் மீதான விமர்சனங்களில் 'அவசரம்' என்ற சொல் மிகுதியாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2018 டிசம்பரில் டியான்டே வைல்டரின் குத்தில் டைசன் ஃப்யூரி பன்னிரண்டாவது சுற்றில் அசைவற்று விழுந்தபோது, நடுவர் ஜாக் ரைஸ் உடனே நிறுத்தியிருந்தாலும் பெரிதும் எதிர்ப்பு எழுந்திராது. அவர் மண்டியிட்டு எண்ணினார். ஒன்பதில் ஃப்யூரி எழுந்தார். போட்டி சமனில் முடிந்தது.

நடுவரின் முடிவை எதிர்த்து விகாஸின் எதிரணி சென்ற வழி இப்போது குறுகிவிட்டது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கொலம்பியாவின் இங்கிரித் வலென்சியாவிடம் மேரி கோம் 3–2 எனத் தோற்றபோது, மேல்முறையீட்டுக்கு விதிகளில் இடமே இல்லை.