சுண்ணாம்புக் கோடு

‘விளையாட்டு’ என்ற சொல் தமிழில் இரண்டு முகம் காட்டும். “சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்” என்றால் அது பொருட்படுத்தாத பேச்சு. தொல்காப்பியரோ உவகை பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றாக விளையாட்டை வைத்தார். தோட்டத்திலே பிள்ளைகளைத் திடலுக்குக் கூப்பிட்ட அண்ணன்மார்கள் தொல்காப்பியம் படித்தார்களோ இல்லையோ, அந்தச் சொல்லுக்கு அவர்களும் ஒரு பொருள் வைத்திருந்தார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் திடலும் நிருவாகத்தின் கையில், கள்ளுக்கடையும் நிருவாகத்தின் கையில். விடியலில் பெரட்டு, பிறகு பால்வெட்டு, சாயங்காலம் கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடவும் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று! ஜப்பான்காரன் போன பிறகு கெடா, பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர்கள் சீருடை அணிந்து அணிவகுப்புப் பழகினார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947-இல் போலீஸ் அதை அடக்கிவிட்டது. அது விளையாட்டுச் சங்கம் அல்லதான். ஆனாலும் துரை வேலைக்கு என்றே இருந்த உடம்பைத் தன் உடம்பு என்று தொழிலாளி நினைத்துப் பார்த்தது அங்கேதான் என்பது என் எண்ணம். 1950-களில் ‘தமிழ் முரசு’ மாணவர் பகுதியிலிருந்து கிளைத்த மணிமன்றங்கள் பிறகு பல ஊர்களுக்கும் பரவின.

நான் சிறுவனாய் இருந்த தோட்டத்தில் ஓர் அண்ணன், வெட்டு முடித்து வந்து சுண்ணாம்பு வாளியோடு கோடு போடுவார். சாக்கு ஓட்டத்தில் கடைசியாக வந்த பிள்ளைக்கும் ஒரு பென்சில் உண்டு. “அதுவும்தானே வெயில்ல ஓடுச்சு!” என்பார். கூட நின்றவருக்கு அது பிடிக்காது. “தோத்தவனுக்கும் பரிசுன்னா எவன்டா மூச்சு முட்ட ஓடுவான்?” வருஷா வருஷம் இந்தச் சண்டை நடக்கும். இரண்டாமவர் டாக்டர் மணி ஜெகதீசனைச் சாட்சிக்கு அழைப்பார். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கியவராயிற்றே!

பெண்பிள்ளை விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. வயசுக்கு வந்ததும் திடலுக்கு அனுப்பாத வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். “அப்போ ராஜாமணி யாரு மாமா? பொண்ணு இல்லியா?” என்று கேட்பார்கள். எம். ராஜாமணி 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1965-இல் கோலாலம்பூர் சீப் விளையாட்டில் நான்கு தங்கம் வென்றார். 1966-இல் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனையும் அவரே. சில அப்பாமார்கள் மசிந்தார்கள். பல பேர் மசியவில்லை. அம்மாமார்கள்தான் “போயிட்டு வெரசா வந்துடு” என்று பின்கதவால் அனுப்பினார்கள்.

தோட்டங்கள் துண்டாயின, ரப்பர் போய் செம்பனை வந்தது, குடும்பங்கள் அலோர்காஜா, மலாக்கா என்று பிரிந்தன. பழைய திடல்கள் பலவற்றைக் காணோம். நம் ரெம்பியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்போது பள்ளித் திடல்தான் திடல். போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் கோடு போட அங்கே யாராவது வாளியோடு வருகிறார்கள். கடைசிப் பிள்ளைக்குப் பென்சில் உண்டா இல்லையா என்ற வாதமும் இன்னும் தீர்ந்தபாடில்லை.