அரம் தேவைப்படாத துப்பாக்கி

ஒன்றைப் போல இன்னொன்று இருப்பது வேறு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை மாட்ட முடிவது வேறு. 18-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிப் பட்டறையில், ஒரே மாதிரியைப் பார்த்துச் செய்த இரண்டு துப்பாக்கிகள் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகளாகத் தெரியும். ஆனால் ஒன்றின் விசைப்பகுதியைக் கழற்றி மற்றதில் மாட்டப் பார்த்தால் திருகாணித் துளைகூடச் சேராது. கொல்லர் ஒவ்வொரு துண்டையும் அதன் பக்கத்துத் துண்டோடு வைத்துப் பார்த்து, அரத்தால் ராவி ராவித்தான் பொருத்தியிருப்பார். எல்லையோரக் காவலில் ஒரு ஸ்பிரிங் உடைந்தாலும் அதற்கென்று ஒரு கொல்லர் உட்கார்ந்து புதிதாகச் செய்தாக வேண்டும். இந்த நிலையை மாற்றியது இயந்திரம் என்பார்கள், அல்லது ஒரு தனி மேதை என்பார்கள். சான்றுகளோ கேஜ் என்ற அளவைக் கருவியையும், லாபக் கணக்குப் பார்க்காமல் நெடுங்காலம் செலவழித்த அரசுக் கருவூலத்தையுமே காட்டுகின்றன.

முதல் சான்று பிரான்ஸில் கிடைக்கிறது. 1785-ல் அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஓனோரே பிளாங் என்பவரின் பட்டறைக்குப் போனார். 50 துப்பாக்கிகளின் விசைப்பகுதிகளைப் பிரித்து, உறுப்பு வாரியாகத் தனித்தனித் தட்டறைகளில் பிளாங் வைத்திருந்தார். கைக்கு வந்த துண்டுகளை எடுத்து ஜெஃபர்சனே சிலவற்றைப் பூட்டிப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. பெரிய இயந்திரங்கள் எதுவும் இதற்குப் பின்னால் இல்லை. அச்சுகளும் அளவைகளும் ராணுவத்தின் ஊக்கமுமே இருந்தன. பின்னாளில் அரசின் ஆதரவு விலகியதும் அந்த முறை பிரான்ஸில் வேரூன்றாமலே போனது.

இங்கே எலி விட்னியின் பெயரைச் சொல்லி மறுப்பவர்கள் உண்டு. 1798-ல் 10,000 துப்பாக்கிகளுக்கு அமெரிக்க அரசிடம் ஒப்பந்தம் வாங்கியவர் அவர். 1801-ல் தலைவர்கள் முன்னிலையில் உறுப்புகளை மாற்றி மாட்டிக் காட்டிப் பேர் வாங்கினார். ஆனால் 1800-லேயே முடிந்திருக்க வேண்டிய அந்த ஒப்பந்தம் 1809-ல்தான் முடிந்தது. மிஞ்சியிருக்கும் அவருடைய துப்பாக்கிகளை 20-ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாறவில்லை. விட்னி அந்தக் கனவை அரசுக்கு ஊட்டினார் என்று சொல்வது நியாயம். அதை நனவாக்கினார் என்பதைச் சான்று தாங்காது.

நனவாக்கியவர், அமெரிக்காவின் ஹார்பர்ஸ் ஃபெர்ரி அரசு ஆயுதசாலையில் உழைத்த ஜான் ஹால். 1819-ல் ஏற்றுக்கொண்ட முதல் 1,000 ரைஃபிள்களை முடிக்க அவருக்கு ஏறக்குறைய 5 ஆண்டுகள் பிடித்தன. ஒரு ரைஃபிளுக்கு 63 கேஜ்கள் வைத்திருந்தார். துண்டை அதற்குரிய கேஜில் வைத்ததும் தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். பக்கத்துத் துண்டு தேவையில்லை. ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, எல்லா அளவுகளையும் அங்கிருந்தே எடுத்தார். அதனால் சிறு பிழைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பெரிதாகவில்லை. இயந்திரங்களையும் அவர் வடிவமைத்தார்தான். ஆனால் வெட்டும் உளி தேயும், அளவு நழுவும். அந்த நழுவலைக் கண்டுபிடித்துச் சொன்னது கேஜ். 1826-27-ல் அரசுக் குழு 100 ரைஃபிள்களைப் பிரித்துக் கலந்து, 100 புதிய மரக்கட்டைகளில் பூட்டிப் பார்த்தபோது எல்லாம் பொருந்தின.

தனியார் சந்தை இதைத் தானே கொண்டுவந்திருக்காதா என்று கேட்கலாம். எலி டெர்ரி 1807-ல் 4,000 மரக் கடிகாரப் பொறிகளுக்கு ஒப்புக்கொண்டு செய்து கொடுத்தவர்தானே? உண்மைதான், ஆனால் மரப் பற்சக்கரம் சற்று முன்பின் இருந்தாலும் ஓடிவிடும். காய்ச்சித் தோய்த்தால் வளைந்துபோகும் இரும்புக்கு அந்தச் சலுகை இல்லை. சிங்கர் நிறுவனம் 1880-ல் ஆண்டுக்கு 5 லட்சம் தையல் இயந்திரங்கள் செய்தபோதும் அவற்றில் அரத்துக்கு வேலை இருந்துகொண்டேதான் இருந்தது. கையால் ராவிப் பொருத்தியே நல்ல லாபம் வந்தது. அதைவிடச் செலவான துல்லியத்தைச் சந்தை அவசரமாகக் கேட்கவில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது: இந்த முறை கைவினைஞரின் மதிப்பைக் குறைத்தது. 1842-ல் ஹார்பர்ஸ் ஃபெர்ரி தொழிலாளர்கள் கடிகாரம் பார்த்து வேலை வாங்கும் கட்டுப்பாட்டை எதிர்த்து வேலையை நிறுத்தி, படகேறி வாஷிங்டன் போய் ஜனாதிபதி டைலரிடமே முறையிட்டார்கள். அவர்கள் இழந்தது மெய்யான இழப்பு. கேஜ் செய்யும் சிலருக்குப் புதுத் திறமை வந்தது என்று சொல்லி அதை ஈடுகட்ட முடியாது. ஆனால் அவர்கள் கைத்திறனையும் மக்கள் வரிப்பணத்தையும் விலையாகக் கொடுத்து வாங்கிய நன்மை, உடைந்த பொருளை யாரும் எங்கும் செப்பனிடலாம் என்பது. அந்த நன்மை பொதுச்சொத்து. தன் கடையில் மட்டுமே கிடைக்கும்படி உதிரிபாகங்களைப் பூட்டிவைக்கும் எந்த நிறுவனத்துக்கும், இந்த வரலாற்றின் முன்னால், அப்படிச் செய்ய உரிமை கிடையாது.